முள் காட்டிய எண்பத்தேழு

எண்பதைத் தொட்டதும் குவால்பெர்த்தோ தர்கியின் வலது கால் தானாக நின்றுவிடும். ஆக்சிலேட்டருக்கு அடியில் யாரோ மரக்கட்டை வைத்துவிட்ட மாதிரி. ஓரூரோவிலிருந்து லா பாஸ் வரை இருநூற்று இருபத்தேழு கிலோமீட்டர். மேட்டு நிலத்தில் நூல் பிடித்ததுபோல் சாலை. எதிரே ஒரு லாமா மந்தைகூட இல்லாத இடத்திலும் மீட்டர் முள் எண்பதில் ஆணி அடித்ததுபோல் நிற்கும். பின்னால் வரும் லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்து அழுத்தினால், அதக்கியிருக்கும் கோக்கா இலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொள்வார். "போ ராசா, போ. கல்லறையில உனக்கு எடம் புடிச்சு வச்சிருக்காங்க" என்பார். குரலில் கோபம் இருக்காது. தகவல் சொல்வதுபோல் இருக்கும்.

வயது ஐம்பத்திரண்டு. குள்ளம்; நெஞ்சு மட்டும் பீப்பாய். ஸ்டியரிங்குக்கு ஆட்டுத்தோல் உறை போட்டிருக்கிறார். வழியில் பத்தகமாயாவில் சாப்பாட்டுக்கு நிறுத்தும்போது பயணிகள் உட்கார்ந்து ஆட்டுக்கறி சாப்பிடுவார்கள். அவர் நின்றபடியே சூப்பைக் குடிப்பார். உட்கார்ந்து சாப்பிட்டால் தூக்கம் வருமாம். பேருந்து அவருக்குச் சொந்தம். ஆனாலும் சங்கத்தில் மற்ற ஓட்டுநர்களைப் போல அவரும் வரிசையில் நின்று, தன் முறை வரும்போதுதான் வண்டியை எடுப்பார். ஓட்டுநர்களை அந்தப் பக்கத்தில் எல்லோரும் 'மாயெஸ்த்ரோ' என்பார்கள். அவரை அப்படிக் கூப்பிடும்போது மட்டும் ஜனங்களின் குரலில் கொஞ்சம் மரியாதை கூடும். கூடவே கொஞ்சம் அலுப்பும். ஏனென்றால் அவர் வண்டியில் ஏறினால் பத்திரமாகப் போகலாம், சீக்கிரம் போக முடியாது.

இந்த எண்பது வந்த கதையை அவர் சொல்வதில்லை. மனைவி நத்திவிதாத் சொல்வாள். சில வருடங்களுக்கு முன் சங்கத்து வண்டி ஒன்று வளைவில் கவிழ்ந்தது. பின்னால் வந்த முதல் வண்டி குவால்பெர்த்தோவுடையது. சன்னல் வழியாக ஆட்களை வெளியே இழுத்துப் போட்டவர் அவர்தான். பதினொரு பேருக்கு உயிர் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தவர் மறுநாள் மதியம்வரை எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு சங்கம் கூடி ஒரு சத்தியம் எடுத்தது: எண்பதுக்கு மேல் யாரும் போவதில்லை, எண்பத்தைந்தைத் தாண்டினால் கௌரவ மன்றத்தில் விசாரணை. நாற்பது ஓட்டுநர்கள் கை தூக்கினார்கள். ஆறு மாதத்தில் முக்கால்வாசிப் பேர் மறந்துவிட்டார்கள். குவால்பெர்த்தோ ஒரு நோட்டு வாங்கி, நூலால் டாஷ்போர்டில் கட்டினார். தன்னைத் தாண்டிப் போகும் சங்கத்து வண்டிகளின் எண்ணையும், தாண்டும்போது தன் கணக்கில் அவர்கள் போன வேகத்தையும் அதில் எழுதிவைப்பார். யாரிடமும் காட்டியதில்லை. எழுதுவதே ஒரு பிரார்த்தனைபோல இருந்தது அவருக்கு.

அந்த வருடம் அக்டோபரில் பெரிய சாலைமறியல். மூன்று வாரம் ஒரு லாரியும் நகரவில்லை. முடிந்ததும் ஊரில் டயருக்குத் தட்டுப்பாடு. குவால்பெர்த்தோவின் டயர்கள் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தன. கடையில் வேறு ஒரு அளவு இருந்தது. அதே ரிம்முக்குப் பொருந்தும், கொஞ்சம் தாழ்வு, அவ்வளவுதான் என்றான் கடைக்காரன். டேப் வைத்து அளந்தார்கள். அச்சின் நடுவிலிருந்து தரைவரை பழைய டயர் ஐம்பது சென்டிமீட்டர், புதியது நாற்பத்தாறு. நாலு விரல்கடைகூட இல்லை. ஆறு சக்கரத்துக்கும் மாட்டிக்கொண்டு வந்தார். அகலப் பாவாடை கட்டிய சந்தைக்காரப் பெண்கள், படி தாழ்ந்துவிட்டது, ஏற இறங்க சௌகரியம் என்று சந்தோஷப்பட்டார்கள். அவருக்கும் பெருமைதான்.

அதிலிருந்து லா பாஸுக்குப் போய்ச் சேர ஒரு கால்மணி நேரம் கூடுதலாகப் பிடித்தது. ரோட்டில் வேலை நடக்கிறது, அதனால்தான் என்று நினைத்தார். எல்லா வண்டிகளும் தன்னைத் தாண்டிப் போயின. உலகம் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தார். நோட்டில் எண்கள் மளமளவென்று சேர்ந்தன.

பிப்ரவரியில், கார்னிவலுக்கு முந்திய வாரம், பெர்மின் கோல்கே ஓட்டிய வண்டி அவரைத் தாண்டிப் போனது. பெர்மினுக்கு நாற்பத்தொரு வயது. வாலிபத்தில் பறப்பவன் என்று பெயர் வாங்கியவன். விபத்துக்குப் பிறகு அடங்கிவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். குவால்பெர்த்தோவுக்கு அன்று என்னமோ பொறுக்கவில்லை. சத்தியம் எடுத்த பிறகு முதல் தடவையாக எண்பதைத் தாண்டிக் காலை அழுத்தினார். பத்து கிலோமீட்டர் தூரம் அவன் பின்னாலேயே போனார். இரண்டு வண்டிக்கும் நடுவே இருந்த இடைவெளி கூடவுமில்லை, குறையவுமில்லை. முள் எண்பத்தேழில் அசையாமல் நின்றது.

கௌரவ மன்றத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள்; நடுவில் செயலாளர் தொன் ஸெனோபியோ. குவால்பெர்த்தோ நின்று, பார்த்ததைச் சொன்னார். பெர்மின் தன் முள் எண்பதில்தான் இருந்தது என்றான். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். குவால்பெர்த்தோ திரும்பி சிரித்தவனைப் பார்த்துவிட்டு, "என் முள்ளு பொய் சொல்லாது. நானும் சொல்ல மாட்டேன்" என்றார். அதோடு விடவில்லை. பெர்மினைத் தொடர்வதற்காகத் தானும் எண்பத்தேழில் போனதால் தனக்கும் தண்டனை வேண்டும் என்றார். மன்றம் திகைத்துப்போய் அவருடைய இரண்டு முறைகளை ரத்து செய்தது. பெர்மினின் பெயரை ஓட்டுநர் பட்டியலிலிருந்தே நீக்கியது. தன்னையே தண்டித்துக்கொள்கிற மனிதன் சொன்ன சாட்சியை யார் சந்தேகப்படுவார்கள்?

நத்திவிதாத் அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். பெரியவர்களுக்கான வகுப்பு, சனிக்கிழமை மதியம். காலையில் சந்தையில் ஊதாச்சோளக் கஞ்சி விற்றுவிட்டு, மதியம் கையைக் கழுவிக்கொண்டு போவாள். புருஷனையும் இழுத்தாள். "கெழவா, கையில ஸ்டியரிங் இல்லன்னா உனக்கு உக்காரவே தெரியாதா?" என்று அவள் கேட்ட கேலிக்காகவே அவர் வந்து, அவள் பக்கத்தில் அதே பெஞ்சியில் உட்கார்ந்தார். பன்னிரண்டு வயதில் விட்ட படிப்பு. கணக்கு வாத்தியார் இருபத்தாறு வயதுப் பெண், லிசெத் ஐமா. அவர் அவளை "டீச்சர்" என்று எழுந்து நின்றுதான் கூப்பிடுவார்.

ஆகஸ்ட் மாதம். வெளியே குளிர்காற்று தகரக் கூரையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் கரும்பலகையில் ஒரு சக்கரம் வரைந்து, ஐம்பது சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு நானூற்று இருபத்துநாலு சுற்று சுற்றினால் வண்டி என்ன வேகத்தில் போகும் என்று கேட்டாள். எல்லோரும் குவால்பெர்த்தோவைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்று, இதற்கு ஏன் கணக்கு, முள்ளைப் பார்த்தால் தெரிகிறது என்றார். வகுப்பு சிரித்தது.

டீச்சரும் சிரித்தாள். பிறகு சொன்னாள்:

"முள்ளுக்கு ரோடு தெரியாது மாயெஸ்த்ரோ. சக்கரம் எத்தன சுத்து சுத்துதுன்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். ஒரு சுத்துக்கு இவ்வளவு தூரம்னு வண்டி செஞ்சவன் முன்னாடியே முடிவு பண்ணி வச்சுட்டான். மத்தத முள்ளு ஊகிக்குது."

அவர் உட்காரவில்லை. டீச்சர் கார்னிவல் ஊர்வலத்தை எடுத்துச் சொன்னாள். பிசாசு வேடக்காரர்கள் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக ஆடி வருகிறார்கள். தெருமுனையில் வரிசை திரும்புகிறது. உள்பக்கம் இருப்பவன் நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி மிதிக்கிறான். வெளிப்பக்கம் இருப்பவன் மூச்சிரைக்க ஓடுகிறான். இரண்டு பேரும் திரும்பியது ஒரே அளவு, ஒரே நேரத்தில். அது கோணவேகம். ஓடிய தூரம் வேறு வேறு. அது நேர்வேகம். மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறாயோ அவ்வளவு ஓட்டம். இருபது வருடம் கார்னிவலில் ஆடியவள் நத்திவிதாத். வெளிப்பக்கம் போட்டுவிட்டார்கள் என்று சண்டை பிடித்தவள். தலையை ஆட்டிக்கொண்டே நோட்டில் எழுதினாள்.

கணக்கு வந்தது. ஆரத்தைப்போல் ஆறேகால் மடங்கும் கொஞ்சமும் ஒரு சுற்று. ஐம்பதுக்கு முந்நூற்றுப் பதினாலு சென்டிமீட்டர். நிமிடத்துக்கு நானூற்று இருபத்துநாலு சுற்று, மணிக்கு அறுபது நிமிடம். எண்பது கிலோமீட்டர்.

குவால்பெர்த்தோவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. தன் வண்டியின் எண்ணே கரும்பலகையில் வந்து நிற்கிறதே. என் டயர் இப்போது நாற்பத்தாறு, அதற்குப் போடுங்கள் டீச்சர் என்று கேட்டார். அவள் போட்டாள். ஒரு சுற்றுக்கு இருநூற்று எண்பத்தொன்பதுதான். அதே சுற்று எண்ணிக்கை, அதே முள். எழுபத்து மூன்றரை.

அதாவது முள் எண்பது காட்டும்போது வண்டி எழுபத்து மூன்றரையில்தான் போகிறது. அதனால்தான் எல்லாரும் தாண்டிப் போறாங்க, அதனால்தான் கால்மணி நேரம் லேட்டு என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு இறைச்சிக் கடைக்காரர் கண்டுபிடித்துச் சொன்னார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. குவால்பெர்த்தோவும் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். ஒன்பது மாதம் ஆமையாக ஊர்ந்திருக்கிறேன், பார்த்தாயா என்று மனைவி பக்கம் திரும்பினார்.

நத்திவிதாத் சிரிக்கவில்லை. பென்சில் நோட்டின்மேல் நின்றிருந்தது. நோட்டை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினாள். அதில் ஒரு வரிதான் இருந்தது. எண்பத்தேழை நாற்பத்தாறால் பெருக்கி, ஐம்பதால் வகுத்திருந்தாள்.

எண்பது.

"அப்ப பெர்மின்?" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

அவர் முகத்திலிருந்து சிரிப்பு போகவில்லை. போக மறந்துவிட்டது. வாய் சிரித்தபடியே இருக்க, கண் மட்டும் அந்த எண்ணில் நின்றது. டீச்சர் என்னமோ கேட்டாள். அவர் காதில் விழவில்லை. பெஞ்சியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார், வண்டி வளைவில் சாயும்போது பயணிகள் பிடிப்பதுபோல. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் எழுந்திருக்கவில்லை. நத்திவிதாத் இரண்டு பேருடைய நோட்டையும் பைக்குள் வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவர் முறை. பள்ளிக்கூடத்துக் கணக்கு பள்ளிக்கூடத்தோடு, ரோடு வேறு என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்தார். சாலையோரக் கிலோமீட்டர் கற்கள் வரிசையாக வந்தன. ஒரு கல்லில் மீட்டரின் தூர எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டார். அதிலிருந்து ஐம்பதாவது கல் வந்தபோது மீண்டும் பார்த்தார். கல் கணக்கு ஐம்பது என்றது. மீட்டர் ஐம்பத்து நாலைத் தாண்டியிருந்தது. கல்லை யாரும் நகர்த்தி வைக்க முடியாது. உள்ளங்கை வியர்த்து ஆட்டுத்தோல் உறை ஈரமாயிற்று.

பிறகு அவர் செய்ததை அவரே நம்பவில்லை. காலை மெல்ல அழுத்தினார். முள் எண்பதைத் தாண்டி, எண்பத்தேழில் நின்றது. அன்று முழுக்க அப்படியே ஓட்டினார். லா பாஸில் அட்டவணையில் போட்டிருந்த நேரத்துக்கு, ஒரு நிமிடம் முந்தாமல் பிந்தாமல், வண்டி போய் நின்றது. மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்த ஒரு பெண் இறங்கும்போது, நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்ததற்கு அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அவர் கையை உருவிக்கொண்டார்.

பெர்மின் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுக் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை மதியம் குவால்பெர்த்தோ போனபோது அவன் லாரியிலிருந்து மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டிருந்தான். இமை மயிரெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. ஆள் பாதியாக இளைத்திருந்தான். குவால்பெர்த்தோ வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்திருந்தார்: டயர் மாற்றியது, டீச்சர் சொன்னது, கற்களை எண்ணியது. எதிரே நின்றதும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"எண்பத்தேழு இல்ல பெர்மின். எண்பது. நீ எண்பதுலதான் போன."

பெர்மின் மூட்டையை இறக்கி வைத்தான். அவசரப்படாமல் முகத்தைத் துடைத்தான். குவால்பெர்த்தோ தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொன்னார். தன் டயர், தன் முள், தன் வாய். வேறு யார் மேலும் போட வழியில்லாத தப்பு. அடிப்பான் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

பெர்மின் திட்டவில்லை. "அன்னைக்கு என் முள்ளு எண்பது காட்டுச்சு. உங்க முள்ளு எண்பத்தேழு. நீங்க பொய் சொல்ற ஆளு இல்ல மாயெஸ்த்ரோ, அது ஊருக்கே தெரியும். அப்ப என் முள்ளுதான் பொய்னு முடிவு பண்ணிட்டேன். எத்தன வருஷமா அப்படி ஓட்டிட்டிருந்தேனோ, எத்தன பேர ஏத்திக்கிட்டு." கையிலிருந்த சிமெண்டைத் தட்டினான். "கொச்சபம்பாவுல ஒரு கம்பெனியில கூப்பிட்டாங்க. வேணாம்னுட்டேன். ஸ்டியரிங்கத் தொடவே பயமாயிருந்துச்சு."

குவால்பெர்த்தோ அங்கேயே ஒரு சிமெண்டு மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டார். பெர்மின் வேலையை இழந்ததும், ஆள் இளைத்ததும், பிள்ளைகளை மாமியார் வீட்டுக்கு அனுப்பியதும் அவருக்குத் தெரிந்தவைதான். இரண்டு நாளாக அந்தக் கணக்கையே போட்டுக்கொண்டிருந்தார். இது அவர் போடாத கணக்கு. குற்றம் செய்யாதவன் தன்னைக் குற்றவாளி என்று நம்பியிருக்கிறான். அவர் நேர்மையானவர் என்பதனால் நம்பியிருக்கிறான்.

"யாரு கண்டுபிடிச்சது இத?" என்று கேட்டான் பெர்மின்.

"நத்திவிதாத்."

"அதான் பாத்தேன்" என்றான். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் பெர்மின் அவர் பக்கத்தில் இன்னொரு மூட்டையில் உட்கார்ந்தான்.

செயலாளர் தொன் ஸெனோபியோ சமாதானமான மனிதர். முதலில் டயர் கணக்கைப் புரிந்துகொள்ளவே மறுத்தார். புரிந்ததும் கதவைச் சாத்தினார். நடந்தது நடந்துவிட்டது, மன்றம் நிரபராதியைத் தண்டித்தது என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் மன்றத்துக்குப் பயப்படுவார்கள், புது வருடத்தில் பொதுமன்னிப்பு என்று சொல்லி அவனைச் சத்தமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். குவால்பெர்த்தோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார்.

"மன்னிப்பு தப்பு பண்ணவனுக்குத்தான் தொன் ஸெனோபியோ. அவன் பண்ணல."

அடுத்த ஞாயிறு காலை, வண்டி கழுவும் நேரம். சங்கத்து வளாகத்தில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். குவால்பெர்த்தோ தன் வண்டியை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். பின்சக்கரத்தில் தரையைத் தொடும் இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு. நேர் கீழே சிமெண்டுத் தரையிலும் ஒரு கோடு. பெர்மின் முன்பு ஓட்டிய வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி அதற்கும் அதேபோல் போடச் சொன்னார். இரண்டு வண்டியையும் மெதுவாக நகர்த்தி, டயரின் கோடு ஒரு சுற்று சுற்றி மறுபடி தரையைத் தொட்ட இடத்தில் நிறுத்தினார்கள். டேப் பிடித்தவர் சத்தமாக வாசித்தார். குவால்பெர்த்தோ வண்டி இரண்டு மீட்டர் எண்பத்தொன்பது. மற்றது மூன்று மீட்டர் பதினாலு.

ஒரு சாண். அவ்வளவுதான். எல்லோரும் கழுத்தை நீட்டி அந்த ஒரு சாணைப் பார்த்தார்கள். நிமிடத்துக்கு நானூறு தடவைக்கு மேல் இந்த ஒரு சாண் என்றார் குவால்பெர்த்தோ. முள்ளுக்கு இது தெரியாது என்றார். டீச்சர் சொன்ன அதே வார்த்தையில்தான் சொன்னார். வாளியில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. மன்றத்தில் அன்று பின்னால் இருந்து சிரித்தவன் தன் வண்டிக்குப் போய், சக்கரத்துக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு அவர் யாரும் கேட்காத ஒன்றையும் செய்தார். நோட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து, ஒன்பது மாதத்தில் தான் எழுதிய முப்பத்தொரு பதிவுகளையும், பழைய வேகமும் திருத்திய வேகமுமாக, ஒவ்வொன்றாக வாசித்தார். தங்களைப் பற்றி இப்படி ஒரு நோட்டு இருந்ததே பலருக்கு அப்போதுதான் தெரியும். முகங்கள் இறுகின. இருபத்தெட்டுப் பேரின் எண்கள் எண்பத்தைந்துக்குக் கீழே இறங்கின. ஒவ்வொருவரிடமும் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டார். மூன்று எண்கள் திருத்திய பிறகும் இறங்கவில்லை. அவற்றையும் வாசித்தார். அந்த மூன்று பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்கவில்லை அவர்களிடம்.

மன்றம் அன்றே கூடியது. பெர்மினின் பெயர் பட்டியலில் திரும்ப ஏறியது. அவன் தவறு செய்யவில்லை என்று புத்தகத்தில் எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். குவால்பெர்த்தோ தனக்கு என்ன தண்டனை என்று கேட்டார். ஒரு வருடத்துக்கு அவர் யார் மேலும் புகார் சொல்லக் கூடாது என்றார் தொன் ஸெனோபியோ, கொஞ்சம் நிம்மதியோடு. குவால்பெர்த்தோ தலையசைத்து ஏற்றுக்கொண்டார். டயர்களை அந்த வாரமே மாற்றினார்.

ஆனால் பெர்மின் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். வண்டியின் சொந்தக்காரர் ஆள் அனுப்பியும் வரவில்லை. கடைசியில் ஒரு நாள் காலையில் குவால்பெர்த்தோவின் வீட்டு வாசலில் வந்து நின்றான். காகிதத்தில் பெயர் ஏறிவிட்டது, காலில் ஏறவில்லை என்றான். முதல் நடைக்கு மட்டும் கூட வர முடியுமா என்று கேட்டான். நத்திவிதாத் இரண்டு பேருக்கும் சூடாகக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். குவால்பெர்த்தோ தன் முறையை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, பயணியைப்போல் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார்.

முதல் இருக்கையில், ஓட்டுநருக்குப் பக்கவாட்டில், உட்கார்ந்தார். பெர்மின் இருக்கையைச் சரிசெய்தான்; கண்ணாடியைச் சரிசெய்தான்; மறுபடி இருக்கையைச் சரிசெய்தான். வண்டி ஊரைத் தாண்டி மேட்டு நிலத்துக்குள் நுழைந்தது. நாலாம் கியருக்கு மாற்றும்போது அவன் குனிந்து கியர்த் தண்டைத் தேடிப் பிடித்ததைக் குவால்பெர்த்தோ பார்த்தார். பின்னால் யாரோ ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். சாலை நேராக விழுந்து கிடந்தது.

"மாயெஸ்த்ரோ, எவ்வளவு காட்டுது, பாத்துச் சொல்லுங்க" என்றான் பெர்மின். சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

முப்பது வருடத்தில் மற்றவர் ஓட்டும் வண்டியில் குவால்பெர்த்தோ தர்கி ஒரு தடவைகூடக் கண்ணை மூடியதில்லை. கம்பளித் தொப்பியை மூக்குவரை இழுத்து விட்டுக்கொண்டார். கால்களை நீட்டினார். தலையைச் சன்னல் பக்கம் சாய்த்துத் தூங்க ஆரம்பித்தார்.